குளத்துத் தண்ணி ஏன் தெளிய மாட்டேங்குது?



போன மாதம் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம். ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார்:

"ஏனுங்கக்கா, மழை பேஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சுங்க. எங்கூர்க் குளம் இன்னும் டீத்தண்ணி மாதிரியே கெடக்குது. சாயத்தண்ணி எதாச்சும் கலந்திருச்சோன்னு பயமா இருக்குதுங்க. மாட்டுக்குக் காட்டலாமா, வேண்டாமா?"

விளையாட்டுக் கேள்வி இல்லை இது. அந்தக் குழுவில் ஐந்து பேர் வங்கிக் கடனில் கறவை மாடு வாங்கியிருக்கிறார்கள். குளம் கலங்கிக் கிடக்கிறது என்று மாட்டைக் குளத்துக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பழைய கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கிடக்கிற கல் தெரியும். ஆனால் இரண்டு மாட்டுக்குக் கழிச்சல் நிற்கவில்லை. பால் குறைந்துபோனது. சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் குறைந்தால் மாதத் தவணை எப்படிக் கட்டுவது? "தீவனம் சேரலீங்களாட்ட இருக்குது" என்று தீவனத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எங்கள் கைப்பையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. பேனா அளவுதான் இருக்கும். தண்ணீரில் முனையை நனைத்தால் அதில் கரைந்திருக்கிற உப்பு ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சுமாராகக் காட்டிவிடும். முதலில் குளத்துத் தண்ணீரில் வைத்தோம். 500-க்குள்தான் காட்டியது. பிறகு கிணற்றுத் தண்ணீரில் வைத்தோம். 3000-ஐத் தாண்டிப் போனது.

கூட்டத்தில் சத்தமே இல்லை. கலங்கின தண்ணி நல்ல தண்ணி, தெளிஞ்ச தண்ணி உப்புத் தண்ணி என்றால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அன்றைக்குப் பேசினதையும், மறுவாரம் அந்தப் பெண்களோடு வாய்க்கால் மேட்டில் நடந்து பார்த்ததையும்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

கலங்கல் என்பது என்ன?

கலங்கின தண்ணீர் என்றால் அதில் ஏதோ கரையாமல் மிதந்துகொண்டு இருக்கிறது என்று அர்த்தம். உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. மண் கரையாது. மிதக்கும், பிறகு மெல்ல அடியில் இறங்கும்.

எவ்வளவு மெல்ல என்பது மண்ணைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்கப் பெருமணலுக்குச் சில விநாடி போதும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களிமண்ணின் பொடித் துகள் இருக்கிறதே, அது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு அளவுதான். அது அந்த ஒரு மீட்டரை இறங்கப் பத்து நாளைக்கு மேல் ஆகும். அதிலும் பொடிசாக இருந்தால் மாதக் கணக்கு. அதற்குள் காற்று அடித்துத் தண்ணீர் அலம்பினால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு சங்கதியும் உண்டு. களிமண் துகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரே வகை மின்சாரம் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். சேர்ந்து கட்டியானால் கனம் வந்து கீழே போய்விடும். சேர மாட்டாமல் தனித்தனியாகவே அலைகிறது. படிகாரத்தைக் குடத்தில் சுற்றினால் தண்ணீர் தெளிகிறதே, அது இந்தத் தள்ளலைப் போக்கி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால்தான். நம் பாட்டிமார் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்ததும், முருங்கை விதையைப் பொடித்துப் போட்டதும் இதே வேலைக்குத்தான்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். செம்மண் நிறமோ பால் டீ நிறமோ இருந்தால் மண். பச்சையாக இருந்தால் பாசி. சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் வயலுக்குப் போட்ட உரமும் வந்து சேருகிற குளத்தில் பாசி நன்றாகத் தின்று கொழுக்கும். பச்சைப் பெயிண்டைக் கொட்டின மாதிரி மேலே ஆடை கட்டியிருந்தால் அந்தப் பக்கம் மாட்டை விடாதீர்கள், சில வகைப் பாசியில் விஷம் உண்டு. கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால் சாக்கடை மிஞ்சிப்போய் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று பொருள். சிவப்பு, நீலம், ஊதா என்று நம் துணி நிறத்தில் ஓடினால் அது என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண் எங்கிருந்து வருகிறது?

முதல் மழையில் எல்லாக் குளமும் கலங்கத்தான் செய்யும். அது குற்றமில்லை. அந்த வண்டல்தான் குளத்துக்குக் கீழே இருக்கிற வயலுக்கு உரம். நான்கைந்து வாரம் தாண்டியும் தெளியாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

குளம் தூர்ந்துபோய் முழங்கால் ஆழம் ஆகிவிட்டால் காற்று அடித்தாலே அடிச்சேறு மேலே வரும். நம் பக்கம் ஆடி மாதக் காற்று எப்படி என்று தெரியும் அல்லவா? கரையோரம் கோரையும் நாணலும் இருந்தால் அலையைத் தடுக்கும். அதையெல்லாம் 'சுத்தம்' செய்கிறோம் என்று அடியோடு வழித்துவிட்ட குளங்களில் கரை மண் தினமும் கரைந்துகொண்டு இருக்கிறது. எருமை படுத்தால் கலங்கும், சொல்லவே வேண்டாம்.

மீன் குத்தகை விடுகிற குளமாக இருந்தால் என்ன குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கட்லா மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். சாதா கெண்டை என்கிற வகை அடிச்சேற்றை வாயால் கிளறிப் புழு பூச்சி தேடும். அதை அளவுக்கு மீறி விட்டால் குளம் வருடம் முழுக்கத் தெளியாது. தண்ணீர்ச் செடிகளின் வேரையும் பிடுங்கிவிடும். கலங்கின தண்ணீருக்குள் வெயில் இறங்காது, வெயில் இல்லாமல் செடி வளராது, செடி இல்லாமல் சேற்றைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற நஞ்சராயன் குளத்தைப் பாருங்கள். நல்லாற்று நீர் வந்து சேருகிற, சுமார் 126 ஹெக்டேர், அதாவது 300 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள குளம். ஆழம் அதிகம் இல்லை. அந்த ஆழமில்லாத தண்ணீரையும் செடி கொடியையும் நம்பித்தான் நாரையும் கொக்கும் வாத்தும் வருகின்றன. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரித்தலை வாத்துக்கூட வந்து போகிறது. 2022-ல் தமிழக அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பனியன் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது நம்மில் பல பேருக்கே தெரியாது. அந்தக் குளத்தில் என்ன வந்து விழுகிறது என்பது நல்லாற்றின் ஓரத்தில் குடியிருக்கிற எல்லார் கையிலும் இருக்கிறது.

தெளிந்த தண்ணீர் செய்த துரோகம்

இப்போது அந்தக் கிணற்றுக்கு வருவோம். தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவு?

வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். குளத்துக் கலங்கல் தண்ணீரை இரண்டு வெள்ளை பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றில் ஒரு டீஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுக் குலுக்குங்கள். மற்றதைச் சும்மா குலுக்கி வையுங்கள். மறுநாள் காலையில் பார்த்தால் உப்புப் போட்ட பாட்டில்தான் முதலில் தெளிந்திருக்கும். உப்பு மிகுந்தால் களிமண் துகள்களின் தள்ளல் அடங்கி, ஒன்றாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கிற இடத்தில் வண்டல் படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, தண்ணீர் பளிச்சென்று இருப்பதற்குச் சுத்தம் ஒன்றுதான் காரணம் என்று நினைக்கக் கூடாது. உப்பும் காரணமாக இருக்கலாம்.

அவ்வளவு உப்பு நம் பக்கத்துக் கிணறுகளுக்கு எப்படி வந்தது? பருத்தி பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலில் பிடிப்பதற்காகச் சாதா உப்போ, கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்டோ போடுகிறார்கள். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலும் போட வேண்டி வரும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. அப்படியானால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு அவ்வளவும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும். சுண்ணாம்பு போட்டு, வண்டலைப் படியவைத்து, நிறத்தை எடுத்துவிடலாம். உப்பு மட்டும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கும். 1990-களில் சுத்திகரித்த தண்ணீர் என்று நொய்யலில் விட்டபோதுகூட இந்த உப்பு போய்க்கொண்டுதான் இருந்தது.

அதன் பலனை அனுபவித்தது ஒரத்துப்பாளையம். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே கட்டின அணை, 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தர வேண்டிய அணை, பெரும்பகுதி கரூர்ப் பக்கத்து நிலம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் தாண்டி வருகிற ஆறு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருவதற்கு முன்னால் இங்கே தேங்கியது. கூடவே திருப்பூரின் உப்பும் தேங்கியது. சில வருடங்களிலேயே 'தண்ணியத் தொறந்து விடுங்க' என்று கேட்க வேண்டிய விவசாயிகளே 'தயவு செஞ்சு தேக்காதீங்க' என்று கேட்கிற நிலைமை வந்தது. அணையில் தேங்கியது மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் போனது. தென்னை கருகியது. ஆடு மாடு குடிக்க மறுத்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கழிவை ஆற்றில் விடவே கூடாது, விவசாயிகளுக்கு நஷ்டஈடும் அணையைச் சுத்தம் செய்கிற செலவும் சாயப்பட்டறைகள் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரில் உள்ள எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த நாட்கள் நம்மில் பலருக்கு நன்றாக நினைவிருக்கும். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, செக்கிங் டேபிளில் நமக்கும் வேலை இல்லை, குழுவில் மாதா மாதம் தவணை கட்ட முடியாமல் போனது. தண்ணீர் கெட்டதில் வயிறு காய்ந்தவர்களும் நாம்தான். பட்டறை மூடினதில் வயிறு காய்ந்தவர்களும் நாம்தான். இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள் என்பதால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

அதற்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் பட்டறை ஓடலாம் என்று ஆனது. கழிவுத் தண்ணீரைச் சவ்வு வழியே வடித்து நல்ல தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். மிச்சம் இருக்கிற கடும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பையும் பிரித்து மறுபடி சாயம் போடவே பயன்படுத்துகிறார்கள். செலவு பிடிக்கிற வேலைதான். இருந்தாலும் செய்ய முடியும் என்று திருப்பூர் காட்டியது. ஆனால் ஏற்கனவே மண்ணுக்குள் இறங்கின உப்பு நீதிமன்றம் சொன்னால் போய்விடுமா? பழைய கிணறுகளில் அது இன்னும் இருக்கிறது. நாம் பார்த்தது அந்த மாதிரிக் கிணறுதான். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வரும் நாளாகப் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுகிற ஆட்களும் உண்டு. கலங்கல் தண்ணீரில் சாயம் தெரியாது என்கிற தைரியம்.

மாட்டு விஷயம்: குடிதண்ணீரில் டி.டி.எஸ். 3000-க்குள் இருந்தால் மாட்டுக்குப் பொதுவாகத் தொந்தரவு இல்லை. அதற்கு மேல் போனால், பழகாத மாட்டுக்குக் கழிச்சல் எடுக்கும், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் பால் குறையும். 7000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் பால் மாட்டுக்கும் கொடுக்கவே கூடாது. மனிதருக்குக் குடிக்க 500-க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கழிச்சலுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் கால்நடை மருத்துவரையும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

வாய்க்கால் மேட்டில் ஒரு நடை

குளத்துத் தண்ணீரில் உப்பு இல்லை, சாயம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஒன்றரை மாதமாக ஏன் தெளியவில்லை? மறுவாரம் ஒரு மழை பெய்தது. மழை விட்டதும் ஆறு பேர் ஆளுக்கு இரண்டு பாட்டிலோடு வரத்து வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தோம். இரண்டு பள்ளம் சேருகிற இடம் ஒவ்வொன்றிலும் நின்று, இரண்டிலும் ஒரு பாட்டில் பிடித்து, எது கலங்கல் என்று பார்த்து அந்தப் பக்கமே போக வேண்டும். இவ்வளவுதான் முறை. படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

முதல் கூட்டில் வலது பக்கத்துப் பள்ளம் சுமாராகத் தெளிந்து வந்தது, அங்கே கரையில் புல்லும் கள்ளியும் அப்படியே இருந்தன. இடது பக்கம் காவித் தண்ணீர். அதைப் பிடித்துப் போனால், பொக்லைன் வைத்து நிரவிப் போட்ட ஒரு மனைப்பிரிவு. புல் பூண்டு ஒன்று இல்லை. கல் நட்டு, ரோடு போட்டு, மழைநீர் போக வழி வைக்காமல் விட்டதால் மேல்மண் அவ்வளவும் வாய்க்காலுக்கே வந்துகொண்டு இருந்தது.

அதோடு முடிந்தது என்று திரும்பப் பார்த்தோம். கூட வந்த வயதான அம்மா ஒருவர்தான் நிறுத்தினார். "இங்க வர்றது செகப்பு மண்ணு கண்ணு. நம்ம கொளத்துல வெள்ளையா பாலாட்ட ஒண்ணு கலந்திருக்குதே, அது எங்கிருந்து?" என்றார். அவர் சொன்னது சரி. கொஞ்சம் கீழே வந்து பார்த்தால், பல வருடமாக உழாமல் கிடக்கிற ஒரு காட்டிலிருந்து வெளுத்த தண்ணீர் கசிந்து வந்து சேர்ந்தது. முன்னே சொன்ன கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிக் கெட்டுப்போன நிலம் அது.

இங்கேதான் உப்பு இன்னொரு வேலையைச் செய்கிறது. உப்புத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மழை பெய்து மேலே இருக்கிற உப்பைக் கழுவிவிட்டாலும், ஒட்டின சோடியம் போகாது. சுண்ணாம்புச் சத்துக்கு இரண்டு கை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கையால் ஒரு துகளையும் மறு கையால் இன்னொரு துகளையும் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு ஒரு கைதான். அதனால் மழைத் தண்ணீர் பட்டதும் களிமண் பிரிந்து பால் மாதிரி கரைந்து ஓடும். அந்த வெளுத்த தண்ணீர் மாதக் கணக்கில் தெளியாது. ஓடினது போக மிச்சம் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும், விதை முளைக்காது. களர் நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். உப்பு தண்ணீரில் மிகுந்து இருந்தால் கலங்கலைத் தெளியவைக்கிறது. அதே உப்பு மண்ணில் ஏறிவிட்டால், மழைத் தண்ணீரைத் தெளியவிடாமல் கலக்குகிறது.

உங்கள் காட்டு மண் இப்படி ஆகியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைச் சுண்டைக்காய் அளவுக்கு எடுத்து, டம்ளரில் பிடித்த மழைத் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். கலக்காதீர்கள், ஆட்டாதீர்கள். போர்த் தண்ணீரில் செய்தால் அதில் இருக்கிற உப்பே ஏமாற்றிவிடும், மழைத் தண்ணீர்தான் வேண்டும். கட்டி உதிர்ந்து அடியில் விழுந்து, மேலே தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கரைந்த மாதிரி புகையாகப் பரவினால் சோடியம் ஏறியிருக்கிறது. அந்த மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்து, ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் போட வேண்டும் என்று கேளுங்கள். ஜிப்சத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோடியத்தை விரட்டும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் இரண்டு மூன்று பருவத்தில் மண் மெல்லத் திரும்பும். வடிக்க வழி இல்லாமல் ஜிப்சத்தை மட்டும் கொட்டினால் காசுதான் வீண்.

யாரிடம் சொல்வது?

மனைப்பிரிவு விஷயத்தை அந்தக் குழு கிராம சபைக்குக் கொண்டுபோகிறது. வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், தண்ணீர்ப் பேச்சுக்கு அதைவிடத் தோதான நாள் இல்லை. 'குளம் கலங்கியிருக்கிறது' என்று மட்டும் மனு எழுதினால் 'மழைக்காலம்தானேம்மா' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதியில், எந்தப் பள்ளத்தில், எந்த இடத்தில் பிடித்த பாட்டில் என்று எழுதி ஒட்டி, பாட்டிலையே கொண்டுபோய் மேசையில் வைத்தால் பேச்சு மாறும். நிறத்தோடும் நுரையோடும் நாற்றத்தோடும் தண்ணீர் வந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கிற குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

குளம் தூர்ந்துபோனதுதான் காரணம் என்றால் வண்டல் எடுக்க வழி இருக்கிறது. அரசு பட்டியலில் இருக்கிற குளத்திலிருந்து விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம். 2024-லிருந்து வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி தருகிறார்கள். ஆனால் வண்டல் என்று சொல்லிவிட்டுக் குழி குழியாகக் கிராவல் தோண்டுகிறார்களா என்று பார்க்க ஊரில் ஆள் வேண்டும். கலங்கின தண்ணீரில் குழி தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று குழந்தை கால் வைக்கிற இடம் ஆளை மூழ்கடிக்கிற ஆழமாக இருக்கும். தோண்டின குளத்தில் மழைக்கு முன்னால் குழி எங்கே என்று பார்த்துக் கம்பு நட்டு வையுங்கள். துவைக்கப் போகும்போது பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் இருந்துவிடாதீர்கள்.

குடிக்கிற தண்ணீரே கலங்கலாக வந்தால், முதலில் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, பிறகு நன்றாகக் கொதிக்கவையுங்கள். வரிசை மாறக்கூடாது. கலங்கல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமி மண் துகளுக்குள் ஒளிந்து தப்பித்துவிடும், மருந்து பாதி வேலைதான் செய்யும். முருங்கை விதை போட்டுத் தெளியவைத்த தண்ணீரை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் நாறும். தெளிந்துவிட்டது என்பதற்காகக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். உப்போ கொதிக்கவைத்தால் போகாது, சொல்லப்போனால் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் பெட்டியும் தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். பெட்டி அலமாரியில் தூங்கினால் எழுப்புங்கள்.

அந்த ஐந்து மாடுகளும் இப்போது குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. முதல் நாள் சாயங்காலமே தொட்டியில் பிடித்துவைத்து, மேலாக மொண்டு காட்டுகிறார்கள். கழிச்சல் நின்றுவிட்டதாகப் போனில் சொன்னார்கள். பால் பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒன்று ஊர்க் குளத்துத் தண்ணீர், இன்னொன்று நீங்கள் மாட்டுக்கோ வீட்டுக்கோ அதிகம் எடுக்கிற கிணறு அல்லது போர்த் தண்ணீர். சுத்தமாகக் கழுவின அரை லிட்டர் பாட்டில் போதும். ஊர்ப் பெயர், எடுத்த இடம், தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மீட்டர் கொண்டுவருகிறோம். எல்லார் முன்னாலும் அளந்து, குழுவாரியாக நோட்டில் எழுதி வைப்போம்.